‘வெளி’ சொல்லாதே என்றாய்

மலர்க்கொடியின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்தது நீதான். பிரஸ் எடுத்தது என்று முதலாளி சொல்கிறார். நேரம் சரியில்லை என்று உன் அப்பா சொல்கிறார். நான் அங்கே நான்கடி தூரத்தில் நின்றவள், உன்னைப் பெற்றவள், நீ எடுத்தாய் என்று சொல்கிறேன். எடுத்தது போதாதென்று, அவளுடைய கவனக்குறைவே காரணம் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓசூருக்குப் போய்விட்டாய். அந்தத் தாள் இருக்கிறவரை கொடியின் நஷ்டஈட்டு வழக்கு எடுபடாது. இதையெல்லாம் உனக்குத் தனியாக மூன்று கடிதங்களில் எழுதினேன். பதில் இல்லை. போன் செய்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. அதனால்தான் இதைத் தொழிற்சங்கத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உன் பெயரும் என் பெயரும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இது உனக்குத்தான் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களும் படிக்கட்டும்.

படிக்கிற மற்றவர்களுக்காக நம் வேலையை இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நீயும் கேட்டுக்கொள், அதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமலேதான் அங்கே சூப்பர்வைசராக வந்தாய். விருத்தாசலத்து செராமிக் ஷெட்டில் நான் பத்தொன்பது வருஷம் பீங்கான் ஃபியூஸ் கட்டை அடித்தவள். முன்பெல்லாம் சக்கரப் பிரஸ். ஈரமான பீங்கான் மாவை அச்சுக்குள் அள்ளிப் போட்டு வழிப்பது ஒரு பெண். சக்கரத்தைச் சுற்றி மேல் அச்சை இறக்குவது ஓர் ஆண். அவள் கையை வெளியே எடுத்ததும் “வெளி” என்று சொல்வாள். அவள் சொன்னால்தான் அவர் சுற்றுவார். இருமல் வந்தால் இருமிவிட்டுச் சொல்வாள். தும்மினால் காத்திருப்பார். ஒரு நாளில் ஆயிரம் தடவைக்கு மேல் அந்தச் சொல் அந்த ஷெட்டில் கேட்கும். யாரும் அதை விதி என்று எழுதி வைக்கவில்லை. எந்த முதலாளியும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. எங்கள் கைக்காக எங்கள் வாயே கண்டுபிடித்தது அது.

பிறகு மோட்டார் பிரஸ் வந்தது, எங்கிருந்தோ பழையதாக வாங்கி வந்தார்கள். சக்கரம் சுற்றுகிற ஆள் தேவையில்லை, காலால் மிதித்தால் மேல் அச்சு இறங்கும். ஒரே பெண் அள்ள வேண்டும், வழிக்க வேண்டும், மிதிக்க வேண்டும், கட்டையை எடுக்க வேண்டும். எதிரே கேட்க ஆள் இல்லாதபோதும் நாங்கள் “வெளி” என்று சொல்லித்தான் மிதித்தோம். நீ வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதைக் கேட்டுச் சிரித்தாய். “யாருக்குக்கா சொல்றீங்க?” என்று கொடியிடம் கேட்டாய். அவள் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸுக்கு வருகிறவள், வாயில் எப்போதும் ஏதாவது ஒரு பதில் தயாராக இருக்கும். “என் காலுக்குத்தான் தம்பி. அதுக்குக் காது மந்தம், சத்தமா சொன்னாத்தான் கேக்குது” என்றாள். ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் நகைச்சுவைக்காகச் சொன்னதில் எவ்வளவு உண்மை இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

உன் கையைப் பற்றிச் சொல்கிறேன். சின்ன வயதில் உன்னிடம் பந்தைப் போட்டால் அது மார்பில் பட்டுக் கீழே விழும். உன் கை அதற்குப் பிறகுதான் நகரும். தெருவில் உன்னை ‘ஓட்டக்கை’ என்று கூப்பிட்டார்கள். நீ அழுதுகொண்டு வந்தபோது நானும் ஒரு நாள் அந்தப் பெயரையே சொல்லித் திட்டினேன். பால் சொம்பைத் தட்டிவிட்டாய் என்று, “ஓட்டக்கை, ஒன்ன வச்சுக்கிட்டு நான் என்னாடா செய்றது” என்றேன். அன்று நீ அழவில்லை. அதுதான் என் மனதில் நிற்கிறது. தெருக்காரர்கள் சொன்னால் அழுகிற பிள்ளை, தாய் சொன்னதும் அழாமல் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். இது நான் செய்த முதல் தப்பு. உன் கையை உன் எதிரியாக ஆக்கிவைத்தேன்.

டிப்ளமோ இரண்டாவது வருஷம் பிரவுசிங் சென்டரில் அந்தப் பாட்டு விளையாட்டைப் பிடித்துக்கொண்டாய். அப்பாவை நச்சரித்து ஒரு பழைய கம்ப்யூட்டரும் வாங்கினாய். திரையில் பாட்டு ஓடும்போது அங்கங்கே வட்டங்கள் முளைக்கும். ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றி ஒரு வளையம் சுருங்கிக்கொண்டே வரும். வளையம் வட்டத்தைத் தொடுகிற நொடியில், சரியாகத் தாளம் விழும் இடத்தில், அம்புக்குறியைக் கொண்டுபோய் அடிக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் மார்க் போய்விடும். முதல் மாதம் நீ மௌஸை உடைக்காததுதான் பாக்கி. அப்புறம் பிடிவாதமாக உட்கார்ந்தாய். வலது கைக்குக் குறி மட்டும் தனியாக, தாளத்தைப் பற்றிக் கவலைப்படாமல். இடது கைக்குத் தாளம் மட்டும் தனியாக, விசைப்பலகையில் இரண்டு விரல் மாற்றி மாற்றி. பிறகு இரண்டையும் சேர்த்து மெதுவான பாட்டு. அது தப்பில்லாமல் வந்தால்தான் அதைவிடக் கொஞ்சம் வேகமான பாட்டு. மௌஸை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது, குறியும் ஆடுகிறது என்று நீயே கண்டுபிடித்தாய். கை சூடேறுவதற்கு முன் வேகப் பாட்டைத் தொடவே கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டினாய். ஏழெட்டு மாதம் கழித்து, அலமாரியிலிருந்து நழுவிய எவர்சில்வர் டம்ளரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தரத்தில் பிடித்தாய். நான் வாயைப் பிளந்து நின்றேன். “யாரும்மா ஓட்டக்கை?” என்று கேட்டாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த விளையாட்டின் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. உன் கையை உனக்குத் திருப்பிக் கொடுத்தது அது.

டிப்ளமோ முடித்து எங்கள் ஷெட்டில் சேர்ந்த பிறகு எனக்கும் கற்றுக்கொடுத்தாய். ஞாயிற்றுக்கிழமை மதியம், கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து என்னை உட்காரவைத்தாய். “கையப் பாக்காதம்மா. கை அதும்பாட்டுக்கு வரும். இப்ப இருக்கிற வட்டத்தயும் பாக்காத, அடுத்த வட்டத்தப் பாரு. காது மட்டும் பாட்டுல இருக்கட்டும்.” நான் மூன்றாவது வாரமே ஒரு பாட்டை முழுதாக அடித்துவிட்டேன். “பத்தொம்போது வருசமா பிரஸ்ல அடிச்ச கை இல்ல, சும்மாவா” என்று நீ சொன்னாய். அந்த வார்த்தையை ஷெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முதலாளியிடமும் சொன்னேன். இது நான் செய்த இரண்டாவது தப்பு. என் பையன் ஓட்டக்கையை ஓட்டையில்லாத கையாக ஆக்கிக்கொண்டான், அவனிடம் அதற்கு ஒரு வழி இருக்கிறது, எனக்கே வேகம் கூடியிருக்கிறது என்று பெருமையடித்தேன். அவர் கணக்குப் பார்க்கிறவர். மோட்டார் பிரஸ் வந்தும் கட்டை கூடவில்லை என்ற எரிச்சலில் இருந்தார். “ஏம்மா, அந்த வித்தைய நம்ம பொம்பளைங்களுக்கும் சொல்லிக் குடுக்கச் சொல்லேன்” என்றார். உன் தோளில் கை போட்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கை எங்கள் யார் தோளிலும் விழுந்து நான் பார்த்ததில்லை. விழுந்ததும் உன் முதுகு நிமிர்ந்ததையும் பார்த்தேன். அப்போது பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

ஷெட்டில் ஸ்பீக்கர் கட்டினாய். முதல் வாரம் சினிமாப் பாட்டு. அந்த வாரம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் உன் ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் எல்லோரையும் உட்காரவைத்து வட்டம் அடிக்கச் சொன்னாய். “ஏன் தம்பி, இந்த எலிய எங்க புடிக்கிறது, வாலு எந்தப் பக்கம்?” என்று கொடி கேட்டுக் கேட்டே உன்னை ஒரு வழி பண்ணினாள். ஆனால் எல்லோரையும்விட வேகமாகப் பிடித்துக்கொண்டதும் அவள்தான். இரண்டாவது வாரம் பாட்டை நிறுத்தி வெறும் தாளம் போட்டாய். டக், டக், டொம், டக். முதல் டக்குக்கு அள்ளு, இரண்டாவதற்கு வழி, டொம்முக்கு மிதி, கடைசி டக்குக்கு எடு. மாவு விழுகிற இடம் சரியாக வந்தது, கை அலைவது குறைந்தது, கட்டை கூடியது. முதலாளி வெளியூர்க்காரர்களைக் கூட்டிவந்து காட்டினார். “நம்ம ஷெட்ல பாட்டுப் பாடிக்கிட்டே வேல பாக்குறாங்க” என்றார்.

அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். ‘வெளி’ சொன்னால் தாளம் தட்டுகிறது, ஒருத்தி ஒரு நொடி முன்னால் சொல்கிறாள், இன்னொருத்தி பின்னால் சொல்கிறாள், இனி யாரும் சொல்ல வேண்டாம், டொம் என்றால் மிதியுங்கள், அவ்வளவுதான் என்றாய். யாரும் வாயை மூடவில்லை. பழகிய வாய். நீ சொல்லியும் கேட்கவில்லை என்றால் முதலாளி முன்னால் உன் முகம் என்னவாகும் என்று எனக்கு ஒரே பதற்றம். அதனால் நான்தான் முதலில் நிறுத்தினேன். உன் தாய் நிறுத்திவிட்டாள் என்றதும் ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். கொடி மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நானே அவளிடம் போய், “கைய நெனைக்காதடி, கை அதும்பாட்டுக்கு வரும்” என்றேன். நீ எனக்குச் சொன்ன அதே வார்த்தை. “நீங்க சொன்னாச் சரிக்கா” என்று அவளும் வாயை மூடினாள். என் மூன்றாவது தப்பு அது. உன் மேல் எறிகிற கல்லில் பாதியை நான் என் தலையில் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வாரத்துக்கு வாரம் தாளத்தைக் கூட்டினாய். எங்களில் யாரையும் கேட்கவில்லை. அந்த வியாழக்கிழமை காலையில் இரண்டு மணிநேரம் கரண்ட் இல்லை. கரண்ட் வந்ததும் முதலாளி உன் ரூம் வாசலில் நின்று, போன நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்று சத்தம் போட்டார். நீ நேராக வேகத் தாளத்தைப் போட்டாய். இரண்டு மணிநேரம் சும்மா உட்கார்ந்து விறைத்துப்போன கைகள். சூடேறாமல் வேகத்தைத் தொடக் கூடாது என்று உன் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டியவன் நீ. உன் கைக்கு இருந்த அந்த விதி எங்கள் கைக்கு ஏன் இல்லாமல் போனது? கொடியின் பிரஸ்ஸில் மாவு ஈரம் அதிகம். கட்டை மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டது. எங்கள் எல்லோருக்கும் தினமும் நடப்பதுதான். விரலால் சுண்டித் தட்டிவிட வேண்டும். அவள் கையை உள்ளே விட்டாள். டொம் விழுந்தது. அவள் கால் மிதித்தது.

அவள் கத்தவில்லை. அதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது, கத்தாதது. “யக்கா” என்று மெல்ல ஒரு தடவை கூப்பிட்டாள், ஏதோ கேட்கப்போகிற மாதிரி. நான் திரும்பிப் பார்த்தேன். வெள்ளை மாவில் சிவப்பு. எனக்கு அது என்ன என்று உடனே விளங்கவில்லை. எல்லா பிரஸ்ஸும் நின்றுவிட்டன. உன் ஸ்பீக்கர் மட்டும் டக், டக், டொம், டக் என்று போட்டுக்கொண்டே இருந்தது. நீ ரூமிலிருந்து ஓடிவந்தாய். முகம் வெளுத்திருந்தது. உன் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி எனக்கு எழுத்து எழுத்தாக நினைவிருக்கிறது. “சீக்கிரம் மிதிச்சாங்களா, லேட்டா எடுத்தாங்களா?” என்று கேட்டாய். அவளிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டாய். நான் உன்னை அடித்திருக்க வேண்டும். உன்னை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். தன் சேலையைக் கிழித்து அவள் கையைச் சுற்றியது வேறொருத்தி, நானில்லை. ஆட்டோவில் அவளோடு போனதும் நானில்லை.

இரண்டு வாரத்தில் ஓசூரில் வேலை என்று கிளம்பினாய். பயந்துவிட்டாய் என்று நினைத்தேன். சின்னப் பையன், இருக்கட்டும், ஆறட்டும் என்று புளிச்சாதம் கட்டிக்கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துக் கொடி நம் வீட்டுக்கு வந்தாள். கட்டுப் பிரித்த கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். இடது கையால் ஒரு தாளை நீட்டினாள், கம்பெனி விசாரணைக்குக் கொடுத்த விபத்து அறிக்கையின் நகல். “யக்கா, இது யாரு எழுத்துன்னு பாத்துச் சொல்லுங்க” என்றாள். பார்த்தேன். ழகரத்தின் வாலைச் சுழித்து எழுத உலகத்தில் உனக்கு மட்டுந்தான் நான் கற்றுக்கொடுத்தேன். ‘தொழிலாளியின் கவனக்குறைவு.’ தாளத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. வேகத்தைப் பற்றி இல்லை. ‘வெளி’யைப் பற்றி இல்லை. அவளுக்குத் தெரிந்துதான் கேட்டாள். “எனக்குக் கவனம் இல்லியாக்கா? நீங்க சொல்லுங்க, நீங்கதான பக்கத்துல இருந்தீங்க” என்றாள். நான் தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். என் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காமல் போனாள். உன் அப்பா கரும்பு டிராக்டரைப் பெண்ணாடம் ஆலையில் விட்டுவிட்டு வந்ததும் சொன்னேன். “வுடு, அவன் பொழைக்கணும்ல” என்றார். யார் பிழைக்க, யார் கை போக வேண்டும் என்று கேட்டேன். சாப்பிடாமல் எழுந்துபோனார்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் உன் கம்ப்யூட்டரைப் போட்டேன். ஏன் என்று எனக்கே தெரியாது. பழைய பாட்டையே போட்டு வட்டம் அடித்தேன். மூன்றாவது தடவை அடிக்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது. நீ படித்தவன், முதலாளி பணக்காரர், நான் பத்தொன்பது வருஷத்து அனுபவக்காரி, மூன்று பேரில் ஒருவருக்கும் இது தெரியவில்லையே! இந்த விளையாட்டில் தாளம் விழும்போது கை குறியின் மேல் இருக்க வேண்டும். பிரஸ்ஸில் தாளம் விழும்போது கை குறியின் மேல் இருக்கவே கூடாது. தலைகீழ். மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் உட்காரவைத்து, தாளத்துக்கு அச்சை நோக்கிப் பாய்கிற கையைத்தான் அத்தனை பேருக்கும் பழக்கியிருக்கிறாய். அதிலே தவறினால் மார்க் போகும், அடுத்த பாட்டில் பிடித்துக்கொள்ளலாம். அதிலே எதுவும் அச்சில் ஒட்டாது. அதிலே கையை நினைக்காமல் இருப்பது கெட்டிக்காரத்தனம். எங்களுக்குக் கையை நினைப்பதுதான் வேலையே, கட்டை அப்புறம். தாளம் அவள் வாயில் இருந்தவரை, ஒட்டிய கட்டையைத் தட்டிவிட்டு, கையை எடுத்துவிட்டு, அப்புறம் சொல்லியிருப்பாள். அவள் சொல்லும்வரை கால் காத்திருந்திருக்கும். அந்தத் தாளத்தை அவள் வாயிலிருந்து பிடுங்கி முதலாளியின் பெட்டியில் வைத்தாய். அவள் கவனமாகத்தான் இருந்தாள். நீ சொன்ன இடத்தில் கவனமாக இருந்தாள், டொம் விழுந்த நொடியில் துல்லியமாக மிதித்தாள். உன் விளையாட்டாக இருந்தால் அதற்கு முழு மார்க்.

தெரியாமல் நடந்தது என்பாய். விரல் போனவரைக்கும் தெரியாமல் நடந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறிக்கை எழுதியபோது உனக்கு எல்லாம் தெரியும். ஸ்பீக்கரை ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றியது யார்? ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை நீ கண்டுபிடிக்கவில்லை, அதுவும் எனக்குத் தெரியும். இந்த ஊரில் ஒவ்வொரு ஷெட்டிலும் அந்தச் சொல் தயாராக இருக்கிறது. யார் கை போனாலும் அதை எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். முதலாளி வீட்டில் யார் கையும் அச்சுக்குள் போனதில்லை, அதனால் அவர்களில் யாருக்கும் இதுவரை கவனம் குறைந்ததில்லை. நம் வீட்டிலிருந்து ஒருத்தன் படித்து மேலே வந்தால் அந்தச் சொல்லை எழுத மறுப்பான் என்று நம்பித்தான் உன்னைப் படிக்கவைத்தேன். முதலாளிக்கு எழுதத் தெரிந்த ஒரு கை தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதை நானே வளர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

நான் என் பங்கைச் செய்துவிட்டேன். விசாரணைக்கு என் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தேன். முதலில் வாயை மூடியது நான், கொடியை மூடவைத்ததும் நான் என்று எழுதினேன். மறுநாள் ஷெட்டில் என் பிரஸ்ஸில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள், எனக்கு வேலை இல்லை என்றார்கள். அதற்காக நீ வருத்தப்பட வேண்டாம், பணமும் அனுப்ப வேண்டாம். மற்ற ஷெட்டுகளில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் என் வாக்குமூலத்தைப் பார்த்துவிட்டு, தாளத்தின் வேகத்தை வைத்தது யார் என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கிறார்கள். ஸ்பீக்கர் இல்லை. கம்பெனித் தாளில் அது இல்லை. வேலை போய்விடும் என்று மற்ற பெண்கள் பேசவில்லை, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆதாரம் என்று இருப்பது நீ ஒருத்தன்தான்.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கடலூரில் கடைசி விசாரணை. கொடி வருவாள், நான் வருவேன். நீ வா. எனக்காக வர வேண்டாம், என் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கு. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதியிருக்கிற வரியை எல்லோர் முன்னாலும் உன் கையால் அடி. அதற்குக் கீழே நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடு. செய்வாயா?